பேர்டொக் வேர் அவித்த மூன்று மாதங்கள்

மகனுக்கு,

சுகம் விசாரித்துக் கடிதம் தொடங்குவது என் பழக்கம். உன்னைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் த்ரீ கிங்ஸில் உன் வீட்டில் பார்த்தேன். நீ சுகமாக இருக்கிறாய், நானும் இருக்கிறேன், ஆகவே அதை விட்டுவிடுகிறேன். இதே கடிதத்தை இதற்கு முன் இரண்டு முறை எழுதிக் கிழித்திருக்கிறேன். இரண்டு முறையும் எழுத்து நன்றாக வரவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் நீங்கள் இருவரும் சிட்னிக்குப் போய்விடுவீர்கள். அதன் பிறகு தொலைபேசியில் சொல்லலாம் என்று தள்ளிப்போட எனக்கு ஒரு வசதி வந்துவிடும். என்னை எனக்குத் தெரியும். அந்த வசதி கிடைத்தால் நான் சொல்லவே மாட்டேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது உன் மனைவி ஒரு பக்கத்துப் பல்லால் மட்டும் மென்றுகொண்டிருந்தாள். பல் டொக்டரிடம் போகச் சொல்லி நீ சில நாளாகச் சொல்கிறாய் போலிருந்தது. "சிட்னிக்குப் போய்ப் பாப்பம்" என்று அவள் சொன்னாள். நீ சிரித்துக்கொண்டு, "அம்மா மாதிரிப் பிடிவாதம் பிடிக்காதையும். அந்தப் பிடிவாதத்தாலைதான் அவ போனவ" என்றாய். அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பி, "ஓமோ மாமா?" என்று கேட்டாள். உன் அம்மாவை அவள் கண்டதில்லை. படத்தில் பார்த்ததும் உன் வாயால் கேட்டதும்தான். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. "கொஞ்சம் ரசம் விடும்" என்றேன். அவளும் விட்டாள். கதை வேறு பக்கம் போய்விட்டது. பாபகூராவில் என் வீட்டுக்குத் திரும்பி வரும் வழி முழுதும் அவள் கேள்வியைத்தான் எனக்குள் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அம்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. டொக்டரிடம் போகவேண்டும் என்று அவள் கேட்டாள். ஒருமுறை அல்ல. கூட்டிக்கொண்டு போகாதவன் நான். அதை மறைத்து உன்னிடம் வேறு விதமாகச் சொன்னவனும் நான். முதலில் இதை எழுதிவிட்டேன், இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன். ஒழுங்காகச் சொல்வதால் குற்றம் குறையாது என்பது தெரியும். ஆனால் எனக்கு வேறு விதமாக எழுத வராது.

நான் அவளுக்கு வேர் அவித்துக் கொடுத்த அந்தப் பூண்டுச் செடி நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். வாடகை வீட்டுக்குப் பின்னால், ரயில் பாதைக்கும் எங்கள் வேலிக்கும் இடையில், அயல்காரி டொறத்தியின் இரண்டு குதிரைகள் நிற்கும் வெறும் நிலம் இருந்தது. மனுகாவில் வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கினால் நீ அந்த நிலத்தைக் குறுக்கே வெட்டித்தான் வருவாய். கோடை முடிகிற நேரம் ஒருநாள் உன் கம்பளிச் சட்டை முழுக்கப் பழுப்பு நிற உருண்டைகளோடு வந்தாய். அம்மா உன்னைக் கதிரையில் இருத்தி ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். "முப்பது வயதாகுது, ஒரு பொம்பிளையும் கிட்ட வரேல்லை. முள்ளாவது வந்து ஒட்டுதே, அதுக்குச் சந்தோசப்படு" என்றாள். நீ, "அதையும் நீங்கள்தானே பிடுங்கி எறியிறியள்" என்றாய். அவள் சிரித்ததில் ஊசி போன்ற கொக்கி ஒன்று அவள் விரலில் ஏறிவிட்டது. நான் ஓர் உருண்டையை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். முப்பத்தொரு வருஷம் தாவரவியல் படிப்பித்தவன் வேறென்ன செய்வான்? நம் நாயுருவியும் மருளூமத்தையும் துணியில் ஒட்டும். ஆனால் இது அவை இரண்டும் இல்லை. பூத்தலையைச் சுற்றியிருந்த செதில் ஒவ்வொன்றின் நுனியும் தூண்டில் போல வளைந்திருந்தது.

நூலகத்தில் இரண்டு புத்தகங்களை வைத்து ஒப்பிட்டு அது பேர்டொக் என்று முடிவு செய்தேன். பெரிய இனமா சிறிய இனமா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. தமிழில் அதற்குப் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. இந்த நாட்டுக்கும் அது சொந்தமில்லை, ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களோடு, அவர்களின் ஆட்டுக் கம்பளியிலும் வைக்கோலிலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். முதல் வருஷம் நிலத்தோடு படிந்த பெரிய இலைகள் மட்டும்தான் விடும். சேம்பிலை அளவு, அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் பஞ்சு தடவியதுபோல் இருக்கும். இரண்டாம் வருஷம் ஆள் உயரத்துக்குத் தண்டு எழுந்து ஊதா நிறத்தில் பூத்து, காய்ந்து, கண்டவர்மேல் ஒட்டிவிட்டுச் செத்துப்போகும். வேர் கையளவு ஆழத்தில் நிற்காது. முழங்கை ஆழம் கிண்டினாலும் நுனி மண்ணுக்குள் முறிந்து நின்றுவிடும்.

டொறத்தியோடு நான் முதலில் கதைத்தது அந்த வேரைக் கிண்டப்போய் அகப்பட்டுக்கொண்டபோதுதான். எழுபது தாண்டிய வெள்ளைக்காரி, ஆண்கள் போடும் சப்பாத்து, பல்லிடுக்கில் எப்போதும் ஒரு புல். நான் மன்னிப்புக் கேட்டேன், பிறகு மன்னிப்புக் கேட்டதற்கும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "எல்லாத்தையும் கிண்டிக்கொண்டு போ, உனக்குப் புண்ணியமாப் போகும். குதிரை வாலைச் சீவிச் சீவி என்ரை கை முறிஞ்சு போச்சு." பிறகு பூண்டைப் பற்றித் தனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னாள். அவளுடைய தாய் ஒவ்வொரு வசந்தத்திலும் வேரை அவித்து, இரத்தம் சுத்தமாகும் என்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் குடிக்கக் கொடுப்பாளாம். தமையனுக்குக் கழுத்தில் கட்டி வந்தபோது இலையை வெந்நீரில் வாட்டி வைத்துக் கட்டினார்களாம். இளந்தண்டின் தோலை உரித்து உப்புத் தொட்டுத் தின்பார்களாம். ஜப்பான்காரர் வேரைக் கறியாகவே சமைப்பதாக நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். "அப்ப அவையளையும் கூட்டிக்கொண்டு வா" என்றாள். நான் எல்லாவற்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டேன். முதல் வருஷ வேரைத்தான் எடுக்கவேண்டும், பூத்த செடியின் வேர் விறகாகிவிடும், வெட்டினவுடன் கறுக்கும், ஆகையால் வினாகிரி விட்ட தண்ணீரில் போடவேண்டும் என்றெல்லாம்.

புறப்படும்போது அவள் இன்னொன்று சொன்னாள். "சொறியிற கடிக்கெண்டு குடுக்கிறதெண்டால் ரெண்டு கிழமை குடுத்துப் பார். அதுக்குப் பிறகும் நிக்காட்டி அது தோலிலை உள்ள பிரச்சினை இல்லை. டொக்டரிட்டைப் போ. அம்மாவும் அப்பிடித்தான் செய்யிறவ." அந்த ஒன்றை நான் குறிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பல நாள் நினைத்திருந்தேன். கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு, மறக்கவில்லை, எழுத விருப்பமில்லாமல் பேனாவை மூடினேன் என்றே நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்குக் கடி தொடங்கியது மார்ச் மாதத்தில். தோலில் ஒரு தடிப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. உள்ளங்கையிலும் பாதத்திலும் தொடங்கி உடம்பெல்லாம் பரவியது. காய்ந்த காற்று என்றாய் நீ. சவர்க்காரம் மாற்றிப் பார்த்தோம், நல்லெண்ணெய் பூசிப் பார்த்தோம். பிறகுதான் நான் வேரைக் கொண்டுவந்தேன். முப்பது கிராம் வேர், மூன்று கோப்பைத் தண்ணீர், ஒரு கோப்பையாக வற்றும்வரை. காலையில் பாதி, பின்னேரம் பாதி. அம்மா முதல் வாய் குடித்துவிட்டு, "மண்ணைக் கரைச்சுக் குடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். "இவ்வளவு காலமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குப் பூவைக் கிழிச்சுக் காட்டினியள். இப்ப பூ முடிஞ்சு நானோ?" ஆனாலும் குடித்தாள். முதற் கிழமை கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. அப்படி அவள் சொன்னாள். எனக்காகச் சொன்னாளோ தெரியாது.

ஏப்ரலில் அவள் கேட்டாள். "இஞ்சாருங்கோ, ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுவமே? இது கசாயத்துக்கு நிக்கிற கடி மாதிரித் தெரியேல்லை." நான், "மெடிக்கல் முடியட்டும்" என்றேன். எங்கள் நிரந்தர வதிவிட விண்ணப்பம் அப்போது உள்ளே இருந்தது. மருத்துவப் பரிசோதனைக்கு ஜூனில் நாள் குறித்திருந்தோம். அதற்கு முன் டொக்டரிடம் போய் ஏதாவது வருத்தம் என்று அவர் எழுதிவிட்டால் அந்தக் காகிதம் விசாக் கந்தோருக்குப் போய்விடும், விண்ணப்பம் நின்றுவிடும் என்று ஒருவர் கோயிலில் பிரசாதம் வாங்க நிற்கும்போது சொன்னார். அவர் யார், அவருக்கு யார் சொன்னது, யாருக்கு அப்படி நடந்தது, ஒன்றும் நான் கேட்கவில்லை. ஓர் இலையின் அடிப்பக்க மயிரைக் கண்ணாடி வைத்துப் பார்த்து இரண்டு புத்தகத்தில் சரிபிழை தேடியவன், இந்த ஒரு சொல்லை அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். திரும்பிப் போக ஊரில் எங்களுக்கு வீடு இருக்கவில்லை. அந்த வருஷம் சண்டையில் இடம்பெயர்ந்து ஊரிலேயே ஆட்கள் இருக்கவில்லை. பயம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று அதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

நீயும் கேட்டாய். ஒரு சனிக்கிழமை, வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி, "அம்மாவை டொக்டரிட்டைக் காட்டுவமே அப்பா?" என்றாய். நான் குசினியில் வேர் வெட்டிக்கொண்டிருந்தேன். "அவ வேண்டாம் எண்டுறா" என்றேன். அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லும் எப்படி என் வாயில் வந்தன என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என் விசாக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அம்மா அப்போது பின் அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நீ பத்து அடி நடந்து அவளிடமே கேட்டிருக்கலாம். இதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. தகப்பன் சொன்னால் மகன் நம்புவான். ஆனால் இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்: சுகமில்லாத ஆளைப் பற்றி இன்னொருவரிடம் கேட்காதே. அவரிடமே போய்க் கேள். உன் மனைவியின் பல்லைப் பற்றியும் அவளிடமே கேள். போக ஏன் தயங்குகிறாள் என்று கேள். நீயே ஒரு காரணத்தை அவளுக்குச் சூட்டிவிடாதே.

கொப்பியைப் பற்றி எழுதவேண்டும். அம்மா குடித்த ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு வரி இருக்கிறது. வேரின் நிறை, கடி எவ்வளவு என்பதற்குப் பூச்சியத்திலிருந்து நான்கு வரை ஓர் எண், நித்திரை, சாப்பாடு, கடைசியில் குறிப்பு. மே மாதத்தில் ஒரு குறிப்பு: "சிறுநீர் கடும் தேநீர் நிறம். கசாயத்தின் நிறமே." நான்கு நாள் கழித்து இன்னொன்று: "மலம் வெளிறியிருக்கிறது. சோறு குறைவாகச் சாப்பிடுவதால் இருக்கலாம்." மகனே, பித்தத்தைப் பற்றிப் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்தில் நானே படிப்பித்திருக்கிறேன். பித்தம் குடலுக்கு வராவிட்டால் எது வெளிறும், எது கறுக்கும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்த இரண்டு குறிப்பையும் என் கையாலேயே எழுதினேன். கசாயம் கறுப்பாக இருந்ததால், அவளுக்குள்ளிருந்து வந்த கறுப்பையும் கசாயத்தின் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். பூண்டில் பிழை இல்லை. அது அவளுக்கு நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை என்றுதான் பிறகு டொக்டர் சொன்னார். நான்தான் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னது பக்கத்து யூனிட் சாந்தி. மதுரைப் பிள்ளை, வயோதிபர் இல்லத்தில் தாதியாக வேலை செய்தவள், உனக்கு அவளைத் தெரியும். ஜூன் தொடக்கத்தில் ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியதும் சாந்தி கிட்டப் போய் அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். "ஆன்ட்டி, எத்தன நாளா இப்படி இருக்கு?" என்றாள். பிறகு என்னிடம், "அங்கிள், கண்ணு மஞ்சளா இருக்கே, பாக்கலயா? வேரு நிறம், இலை நிறம் எல்லாம் எழுதி வச்சிருக்கீங்க. ஆன்ட்டி கண்ண ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா?" நான் மெடிக்கலைப் பற்றிச் சொன்னேன். "யாரு சொன்னா உங்களுக்கு? டாக்டர் யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு அங்கிள்" என்றாள். கறிவேப்பிலையை வாங்காமலே போய் உனக்கு வேலைத்தலத்துக்கு ஃபோன் பண்ணியது அவள்தான்.

பித்தக் குழாயை ஒரு கட்டி அடைத்திருந்தது, அது ஈரலுக்கும் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நீயும் பக்கத்தில் நின்றாய். முந்தியே வந்திருந்தால் என்று நான் இளம் டொக்டரைப் பின்னர் தனியாகக் கேட்டேன். அவர், "சில வேளை ஏதும் செய்திருக்கலாம், சில வேளை ஒன்றும் மாறியிராது" என்றார். நல்ல மனிதர். அந்த இரண்டு 'சில வேளை'யில் எதைப் பிடித்துக்கொள்வது என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றது.

அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நீ என்னைக் கேட்டாய். "மூண்டு மாசமா என்னப்பா செய்தனீங்கள்? ஏன் கொண்டுவரேல்லை?" உன் குரல் உயர்ந்து பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மறுபடியும் சொன்னேன். "அவ வேண்டாம் எண்டவ." அம்மா கண்ணை மூடியிருந்தாள், நித்திரை என்று நினைத்தேன். அவள் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்து, "ஓம். நான்தான் வேண்டாம் எண்டனான். அப்பாவை ஏசாதை" என்றாள். நீ அவள்மேல் கோபப்பட்டாய். "உங்கட பிடிவாதம், அம்மா" என்றாய். அந்தச் சொல் அன்றைக்குப் பிறந்ததுதான். அதைத்தான் செத்த வீட்டிலும் சொன்னாய், ஒவ்வொரு திவசத்திலும் சொல்கிறாய், போன ஞாயிறு உன் மனைவிக்கும் சொன்னாய். நீ சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் அந்த இடத்தில் இருந்திருக்கிறேன்.

நீ காரை வேறு இடத்தில் நிறுத்தப் போன பிறகு நானும் அவளும் தனியாக இருந்தோம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள், "விடுங்கோ. அவனுக்கு இனி நீங்கள்தான் இருக்கப்போறியள். உங்கள் ரெண்டு பேரையும் ஆர் சேர்த்து வைக்கிறது?" என்றாள். கையைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் யோசித்தாள். "மெடிக்கல் எப்ப எண்டனீங்கள்? உங்கடையையாவது போய்ப் பாசாக்குங்கோ." பகிடியாகச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. குறித்த நாளில் மெடிக்கலுக்குப் போனேன். பாசாகியது.

அவளே ஒத்துக்கொண்டதை உன் காதால் கேட்டவன் நீ. ஆகவே வயது போன மனிதன் மனைவியை நல்லவளாக்கக் கதை கட்டுகிறான் என்று உனக்குத் தோன்றலாம். அதற்காகத்தான் கொப்பியையும் இதோடு அனுப்புகிறேன். ஏப்ரல் நடுவிலிருந்து ஒவ்வொரு வரியின் கடைசிக் குறிப்பை மட்டும் பார். ஐந்து இடத்தில் என் கையெழுத்தில் "டொக்டர் கேட்டாள்" என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் "மெடிக்கல் முடியட்டும் என்றேன்" என்றும் இருக்கிறது. ஐந்தாவது இடத்தில் எழுத்துக் கொஞ்சம் அழிந்திருக்கும். அழிக்க நினைத்து விட்டுவிட்டேன். ஏன் இதையெல்லாம் எழுதி வைத்தேன் என்று கேட்டால், எழுதிவிட்டால் செய்ததற்குச் சமம் என்று வாழ்ந்தவன் நான் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் உன் வீட்டுக்கு வரமாட்டேன். நீ வரச் சொன்னால் வருவேன். சொல்லாவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டேன். சிட்னி விலாசத்தைத் தராமல் போனாலும் அது உன் இஷ்டம். மன்னிப்பைப் பற்றி எழுதலாம் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன். அது கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது. நான் கேட்பது ஒன்றுதான், அதையும் எனக்காகக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள், நான் ரசம் கேட்டேன். அவளுக்கு நீ பதில் சொல்லவேண்டும். என்னைப் பற்றி எப்படிச் சொன்னாலும் சரி. அம்மாவைப் பற்றி மட்டும் இப்படிச் சொல்: டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கோ என்று அவ கேட்டவ. பிறகு அப்பாவுக்காக, கேட்கவில்லை என்று சொன்னவ.

அப்பா